ஜீப் வராத நாள்

ஏஞ்சலின் அப்பாவின் நெற்றியை மறுபடியும் துடைத்தாள். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறம். வாசலில் கொஞ்ச நேரம் கிடத்தியதற்கே இவ்வளவு தூசி. கல்லறைக்குப் போகிற பாதையோ ஜல்லி உடைக்கிற கிரஷரை ஒட்டித்தான் போகிறது.

"பெட்டிய மூடிடலாம்மா," என்றார் சித்தப்பா ஜெரால்ட்.

"வேணாம் சித்தப்பா. கல்லற வரிக்கும் மூஞ்சி தெரியணும்னு அம்மா சொல்லுது."

அம்மா மட்டுமா? போன வாரம் இருமலுக்கு நடுவில் அப்பா இம்மானுவேலே சிரித்துக்கொண்டு சொன்னார்: "இத்தினி வருசமா ஜல்லி மாவு பூசிக்கினே ஊட்டுக்கு வந்தேன். போறப்பவாச்சும் வெள்ளையா போறேன்டி." என்ன ஆசை பாரு மனுஷனுக்கு! அதைக்கூடச் செய்ய முடியாதோ?

கிரஷருக்கு அனுமதி கொடுத்தபோது போட்ட நிபந்தனைகள் ஊருக்கே மனப்பாடம். இயந்திரத்தைத் தகரத்தால் மூட வேண்டும், சுற்றிலும் மரம் வளர்க்க வேண்டும், ஓடும் நேரமெல்லாம் தண்ணீர் தெளிக்க வேண்டும். மரம் இருக்கிறது, இலைதான் பச்சையாக இல்லை. தண்ணீரும் வரும், சோதனை போட ஆபீசர் ஜீப் வருகிற அன்று மட்டும்.

பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் கிரஷர் வளைவில் திரும்பியதும் தயங்கினார்கள். மண்பாதை முழுக்க ஈரம். வேலியோரக் குழாய்களில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"ஐயோ, ஆபீசர் வந்துகிறாரா இன்னா?" என்றாள் அத்தை.

சாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் ஜீப்பைத் தேடியது. ஜெரால்டுகூட எட்டிப் பார்த்தார். ஜீப் இல்லை. இயந்திரச் சத்தமும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கேட்டருகே லோகு நின்றிருந்தான். அப்பாவோடு ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்தவன். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

"ஓனரு கேட்டா இன்னாடா சொல்லுவ?" என்றார் ஜெரால்ட்.

"கேக்கட்டும். எவனோ ஆபீசருக்குத் தொறக்கறோம். எங்க அண்ணனுக்குத் தொறக்க மாட்டமா?"

நீ நல்லா இருக்கணும் லோகு சித்தப்பா, உன் புள்ளக்குட்டி நல்லா இருக்கணும் என்று சொல்ல ஏஞ்சலின் வாயெடுத்தாள். கையெடுத்துக் கும்பிடத்தான் முடிந்தது. லோகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

கல்லறையில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். மூடுவதற்கு முன் ஏஞ்சலின் ஒரு புதுக் கைக்குட்டையால் அப்பாவின் முகத்தைத் துடைத்து, அதை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கிறிஸ்டினா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் வெள்ளை. பிறகு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "மூடுங்க," என்றாள்.