டேப்லெட்டின் நெற்றி

1

என் போனில் சார்ஜர் செருகும் துளை அடைத்துக்கொண்டதால் கிடைத்த கதை இது. ராஜபாளையத்தில் பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஆபித்தின் ரிப்பேர் கடை. துளையிலிருந்த பஞ்சை அவர் ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தபோது (மில் ஊரில் எந்தத் துளையிலும் பஞ்சு இருக்கும்) ஒரு தாயும் மகளும் டேப்லெட்டோடு படியேறி வந்தார்கள். போன் சரியான பிறகும் நான் எழுந்து போகவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"விஜி பிறந்ததிலிருந்து எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை. அவளுடைய மௌன உலகில் –"

நிறுத்திவிட்டேன். விஜியைப் பார்த்த யாரும் மௌனம் என்று எழுத மாட்டார்கள். நுழைந்த நொடியிலிருந்து அவள் கைகள் ஓயவில்லை. அம்மாவை அதட்டின, ஆபித்தை விரட்டின, பெஞ்சில் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னதும் அவைதான்.

இரண்டாவது தொடக்கம்: "முன்பக்கக் கேமரா வேலை செய்யாவிட்டால், முதலில் கருவியை ஒருமுறை அணைத்து –"

இது கதை மாதிரி இல்லை. ஆனால் ஆபித் செய்தது இதைத்தான். வைத்துக்கொள்கிறேன்.

2

"தம்பி, இதுல மூஞ்சி தெரிய மாட்டேங்கு" என்றார் அம்மா செல்லக்கனி. "ஆயுத பூசைக்குப் பொறவு இப்படித்தான் இருக்கு."

ஆபித் அணைத்துப் போட்டார். முன்பக்கக் கேமரா கறுப்பாகவே இருந்தது. பின்பக்கத்துக்கு மாற்றினார், என் முழங்கால் பளிச்சென்று தெரிந்தது. அனுமதிகளைத் திறந்து மூடினார். வேறொரு ஆப்பில் பார்த்தார். அங்கேயும் கறுப்பு.

விஜி கைகளால் என்னவோ சொன்னாள். நீளமாக, புருவம் நெரித்து, இரண்டு முறை நெஞ்சைத் தொட்டு, ஒருமுறை வடக்கே காட்டி. ஆபித் அம்மாவைப் பார்த்தார்.

"அவசரமாம்" என்றார் செல்லக்கனி.

"அம்புட்டு நேரம் பேசினதுக்கு இம்புட்டுதானாம்மா?"

"சுருக்கமாச் சொன்னேன்."

விஜிக்கு உதடு படிக்க வரும். அம்மாவை முறைத்துவிட்டு, ஆபித்தின் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கி டைப் செய்து நீட்டினாள். ஆபித் வாய்விட்டே படித்தார்: "இன்றைக்கே சரியாக வேண்டும். நாளை அவன் வத்திராயிருப்பில் பெண் பார்க்கப் போகிறான். நான் கேமராவை மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறான்."

பிறகு செல்லக்கனி முழுசாகவே சொன்னார். அவன் பெயர் சாம்சன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃப்ளெக்ஸ் போர்டு வடிவமைக்கிறவன். விஜியோடு பாளையங்கோட்டையில் படித்தவன், அவனுக்கும் காது கேட்காது. விஜி பேண்டேஜ் கம்பெனியில் வேலை முடிந்து வந்ததும் தினமும் வீடியோவில் கைப்பேச்சு. போன வாரம் அவன், "எங்க வீட்டு ஆட்கள் உங்க வீட்டுக்கு வந்து பெண் கேட்கட்டுமா?" என்று வீடியோ அனுப்பிக் கேட்டிருக்கிறான். பதில் சொல்ல இவள் அழைத்துக் கையைத் தூக்கியிருக்கிறாள். அவனுக்குத் தெரிந்தது கறுப்புத் திரை.

"பையன் நல்ல பையன்தான். அவிய சர்ச்சுக்குப் போறவிய. நாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ந்தவுக. நான் ஒண்ணும் சொல்லலை."

ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவர் சொன்ன விதத்தை எழுதிக்காட்ட எனக்குத் திறமை போதாது.

3

(டைப் அடித்தே பதில் சொல்லியிருக்கலாமே என்று வாசகர் கேட்பார். நானும் கேட்டேன். செல்லக்கனி அதை மகளுக்குச் சொல்லி, மகளின் பதிலைச் சிரிப்போடு தந்தார்: "கோவம் வந்தா நீங்க எழுதியா காட்டுவீங்கன்னு கேக்கா." கேமரா ரிப்பேர் என்று மட்டும் டைப் செய்து அனுப்பியிருக்கிறாள். அவன் நம்பவில்லை. அந்தக் காலத்து லீவ் லெட்டரில் வயிற்றுவலி எப்படியோ, இப்போது கேமரா ரிப்பேர் அப்படி. காது கேளாதவர்களுக்குள் கேமராவை மூடுவது, பேசும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வது.

பின்பக்கக் கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பேசலாம். பேசினால் திரை அந்தப் பக்கம் போய்விடும், அவன் சொல்வது தெரியாது. முன்பக்கம் வைத்தால் கேட்கலாம், பேச முடியாது. இந்த வாக்கியத்தை எழுதி முடித்த பிறகுதான் அவளுடைய அவசரம் எனக்குப் புரிந்தது.)

4

"கடைசியா ஒரு வழி இருக்கு" என்றார் ஆபித். "உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுட்டு, புதுசு மாதிரி ஏத்திப் பாக்கணும். படம், வீடியோ எல்லாம் போயிரும்."

"அழிச்சிருங்க தம்பி" என்றார் செல்லக்கனி, உடனே.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.

ஆபித்தின் உதட்டைப் படித்திருந்த விஜி டேப்லெட்டைப் பறித்து மார்போடு அணைத்தாள். சாம்சன் அனுப்பிய வீடியோக்கள் அதற்குள்தான் இருந்தன. பறித்த வேகத்தில் அவள் வாசல் பக்கம் திரும்ப, தெருவெயில் கண்ணாடிமேல் சாய்வாக விழுந்தது.

"ஏ, செத்த நேரம் அப்படியே இருக்கச் சொல்லுங்கம்மா."

ஆபித் குனிந்து பார்த்தார். திரைமேல் ஒட்டியிருந்த டெம்பர் கிளாஸுக்குக் கறுப்பு விளிம்பு. கேமராவுக்கு நேரே அந்த விளிம்பில் மிளகளவு துளை. துளைக்குள் காய்ந்து கறுத்த ஒரு சிவப்பு.

"குங்குமமா இது?"

செல்லக்கனி கழுத்தை நீட்டிப் பார்த்தார். "பூசைக்கு வச்சது. மிக்சி, கிரைண்டர், டிவி, எல்லாத்துக்கும் சந்தனம் தொட்டுப் பொட்டு வச்சோம். மறுநாள் துடைச்சிட்டேனே."

"மேல துடைச்சிருக்கீங்க. உள்ள இறங்கிக் காஞ்சு கெடக்கு. சரியா கேமரா மேலயா வைப்பீங்க?"

"நடு நெத்தியில வைக்காம வேற எங்க வைப்பாக?"

டேப்லெட்டை நிறுத்திப் பார்த்தால், மேல் விளிம்பின் நடுவில் கேமரா. அதுதான் நெற்றி.

5

இங்கே நான் இரண்டு செல்லக்கனிகளை எழுதிப் பார்த்தேன்.

ஒருவர் மிக்சிக்கு வைத்த அதே விரலால், அதே பக்தியோடு வைத்தவர். டேப்லெட் மகளுடைய ஆயுதம். அதற்குப் பொட்டு இல்லாமல் எப்படி?

இன்னொருவர் இருபத்தாறு வருடம் மகளுக்கு வாயாக இருந்தவர். டாக்டரிடம், கண்டக்டரிடம், கம்பெனி சூப்பர்வைசரிடம், எல்லாரிடமும். தான் இல்லாமலே மகள் ஒருவனோடு மணிக்கணக்காகப் பேசுவதைக் கதவருகே நின்று பார்த்தவர். டிவிக்குச் சட்டத்தில் பொட்டு வைத்தவர், இதற்கு மட்டும் –

முடிக்கவில்லை. முதலாமவரை எழுதினால் கதை சப்பென்று இருக்கிறது. இரண்டாமவரை எழுதினால் கதை நன்றாக இருக்கிறது, அதனாலேயே நம்பப் பயமாக இருக்கிறது. அவர் விரலுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

ஆபித் டெம்பரை உரித்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். திரை வெளுத்து, விஜியின் முகம் வந்தது. அவள் தோளுக்குப் பின்னால் அம்மாவின் முகமும்.

"இனிமே பொட்டு எங்கதான் வைக்க?"

"பின்பக்கம் வைங்கம்மா."

"அங்கயும் ஒரு கண்ணு இருக்கே."

"அப்ப கவர் மேல வைங்க" என்று ஆபித் சிரித்தார். செல்லக்கனியும் சிரித்தார். விஜி சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே அழைப்பைப் போட்டிருந்தாள்.

6

இதை எழுதுவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு நாள் போய்வந்தேன். ஃப்ளெக்ஸ் கடைக்கு எதிரே டீ குடித்தபடி பார்த்தேன். சாம்சன் யாரோ ஒரு பெரியவரின் மீசையைக் கம்ப்யூட்டரில் கறுப்பாக்கிக்கொண்டிருந்தான். உள்ளே போய், அன்றைக்கு அவள் என்ன சொன்னாள், நீ வத்திராயிருப்புக்குப் போனாயா என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டிருக்கலாம். என் கதைக்கு முடிவு வேண்டும் என்பதற்காக, அவன் இரண்டு கையையும் வேலையிலிருந்து எடுக்கவைக்க மனம் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆகவே, அன்று கண்ணால் பார்த்ததை மட்டும் தருகிறேன்.

திரையில் சாம்சன் வந்தான். முகத்தைக் கொஞ்சம் திருப்பியே இருந்தான். இவளைக் கண்டதும் நேரே பார்த்தான். விஜி டேப்லெட்டை ஆபித்தின் மேசையில் சாய்த்து வைத்தாள். வலது உள்ளங்கையை நெஞ்சில் பதித்தாள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தூரத் தூர நிறுத்தி, மெல்ல அருகே கொண்டுவந்து, தொடுவதற்கு முன் நிறுத்தினாள். ஒரு விரல் அம்மாவைச் சுட்டியது. பிறகு அந்தக் கையை விரித்து, காற்றில் எதையோ வைப்பதுபோல வைத்தாள்.

அந்த மொழி தெரிந்தவர்களுக்கு இங்கே கதை முடிந்துவிட்டது. தெரியாதவர்கள் நானும் ஆபித்தும் உட்கார்ந்திருந்த பெஞ்சில் தள்ளி உட்காரலாம். இடம் இருக்கிறது.

காது கேட்கிற மூன்று பேரில் செல்லக்கனிக்கு மட்டும் அது புரிந்தது. அவர் குங்குமம் ஒட்டிய பஞ்சை மேசையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"என்னம்மா சொல்லுது?" என்றார் ஆபித்.

செல்லக்கனி மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் அவளே சொல்லிட்டாளே" என்றார்.