அண்ணனை விடாதவள்

பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணனும், முன்னறையில் தையல் கடை வைத்திருந்த தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இருவருக்குமே துணை போய்ச் சேர்ந்துவிட்டது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அண்ணன் ஆளே மாறிப்போனார். தூக்கம் இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். ரேடியோவைச் சுவரில் அடித்து உடைத்தார். சாப்பிடச் சொன்னதற்காகத் தங்கையைக் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவள்மேல் கை ஓங்காதவர். தான் எல்லாருக்கும் பாரமாக இருப்பதாக மட்டும் முணுமுணுப்பார். வயசானால் அப்படித்தான் என்றார்கள் அக்கம்பக்கத்தில். அவளும் நம்பினாள்.

ஒரு பகலில் அவள் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது, குளியலறையில் கண்ணாடி நொறுங்கியது. கூப்பிட்டாள். பதில் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பலகை பிளந்தது. உள்ளே அண்ணன் கையில் கண்ணாடிச் சில்லு, சட்டையெல்லாம் ரத்தம். பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். அவர் முழங்கையால் அவள் வாயில் இடித்ததில் உதடு கிழிந்தது. இருவரும் ஈரத் தரையில் விழுந்து புரண்டார்கள். ஸ்டியரிங் பிடித்து உரமேறிய பிடி, இளகவில்லை. கடித்தாள். சில்லு விழுந்தது. அதை எட்டி உதைத்துவிட்டு, அவர் மார்மேல் ஏறி உட்கார்ந்து, தெருவே கேட்கக் கத்தினாள்.

"விடு. என்னை விட்டுடு."

"விடமாட்டேன். இன்னும் கடிப்பேன்."

ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல் போட்டபின் மனநல டாக்டரம்மா வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து நேராகவே கேட்டார்: "ஐயா, செத்துப்போயிடணும்னு தோணுதா?"

தங்கை, கேட்டு வேறு கிளறிவிட வேண்டுமா என்று பதறினாள். அண்ணனோ முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இத்தனை நாளா யாருமே கேக்கலம்மா."

இது வயசு இல்லை, நோய்; குணப்படுத்தலாம் என்றார் டாக்டர். கேட்பதால் அந்த எண்ணம் வராது, கேட்காமல் விட்டால்தான் ஆபத்து என்றும் சொல்லி அனுப்பினார்.

மருந்து லேசில் கேட்கவில்லை. ஒருமுறை மாத்திரையை அவள் முகத்தில் விட்டெறிந்தார். பொறுக்கி மறுபடி நீட்டினாள். கத்தரிக்கோல்களைக்கூடப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மெல்லத் தூக்கம் வந்தது. "கடி வாங்கினவன் நான், உதடு கிழிஞ்சது உனக்கா?" என்று ஒருநாள் சிரித்தார்.

பிறகு ஒரு காலையில் முன்னறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு அந்த நெனப்பு ரொம்ப வருது. தையலை விட்டுட்டு என்கூட உக்காரு."

டாக்டருக்குப் போன் போட்டாள். கடைக் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவள் தோளில் சாய்ந்துகொண்டார்.