மோடம் கத்தாத மூன்று நாட்கள்

ஐம்பத்திரண்டு மணி நேரமாக எங்கள் வீட்டில் இணைய இணைப்பு இல்லை. புதன்கிழமை காலை பதினொன்றுக்குப் போனது. இப்போது வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று. ஐந்து மணிக்குள் நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பியாக வேண்டும்.

பதினொரு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஒருவர் மட்டும் தங்க அறையும் உண்டு. அவர்கள் அனுப்பிய படிவத்தில் கையெழுத்திட்டு மின்னஞ்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்கு வேலை போய்விடும். கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன் காலை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நல்லது" என்றாள்.

அப்பாவுக்குத் தெரியாது. அவர் பஸ் டிரைவர். ஒரு பயணியை இறக்கி வைத்து அடித்ததற்காக சஸ்பெண்ட் ஆகி மூன்று வாரமாக வீட்டில் இருந்தார். அடுத்த திங்கள் வேலைக்குத் திரும்புவார். அன்று நான் கிளம்பிவிட வேண்டும் என்பது என் திட்டம். அதுவரை வாசல் கதவின் சாவி அவர் இடுப்பில். "நான் வீட்ல இருக்கேன்ல, எவளுக்கு என்ன வெளிய வேலை?" போனில் வெளியூர் அழைப்பையும் நிறுத்தி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஆட்களோடு சீட்டு விளையாடுவது ஒன்றுதான் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. அது நின்றதும் அவர் கைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

புதன் மாலை கீபோர்டைப் பிடுங்கி அம்மாவின் தோளில் அடித்தார். இரண்டு எழுத்துகள் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போயின. வியாழன் காலை கம்ப்யூட்டர் பெட்டியை உதைத்தார். தகடு உள்ளே அமுங்கியது. பெட்டிக்கு வலிக்காததால் அம்மாவிடம் வந்தார். அவள் கீழுதடு கிழிந்தது.

நான் பக்கத்தில் இருந்தால் மூன்று அடியோடு நிற்கும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருமுறை குறுக்கே போய் நின்றேன். அதிலிருந்து அப்படி. நான் இல்லாவிட்டால் எண்ணிக்கை கிடையாது. நான் கல்லூரி விடுதியில் இருந்த மூன்று வருடத்தில் அம்மாவுக்கு ஒரு மணிக்கட்டும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன.

போன் கம்பி வழியாக இணையத்தைப் பிடிக்கும் மோடத்தை நான் வரிசையாகப் பார்த்துவிட்டேன். வயரை மாற்றினேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். கூடத்து போனைக் கழற்றிவிட்டு முயன்றேன். ஒவ்வொரு முறையும் ஒன்றே நடந்தது. டயல் டோன் வரும். எண் போகும். எதிர்முனை எடுக்கும். அதன் பிறகு இரண்டு பக்கத்து மோடமும் கீச்சென்று கத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கத்தல் மட்டும் வராது. நூற்றுப் பதினான்கு முறை முயன்றிருந்தேன்.

மூன்று மணிக்கு டெலிபோன் லைன்மேன் வந்தார். அப்பாதான் புகார் கொடுத்து வரவழைத்திருந்தார். லைன்மேன் வாசலில் இருந்த பெட்டியைத் திறந்து, தன் சோதனை போனைக் கம்பியில் மாட்டிக் காதில் வைத்தார்.

"லைன் நல்லாத்தான் சார் இருக்கு. குரல் மட்டும் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது."

"அப்ப கம்ப்யூட்டர் ஏன் பிடிக்கல?" லைன்மேன் பெட்டிக்குள் ஒரு கம்பியைக் கழற்றிக் கேட்டுவிட்டு மறுபடி மாட்டினார்.

"அதைக் கம்ப்யூட்டரத்தான் கேக்கணும் சார். ஹலோன்னா ஹலோ வருதான்னு பாக்குறதுதான் நம்ம வேலை."

"நக்கலா?"

"இந்த வெயில்ல நக்கலுக்கு ஏது சார் தெம்பு."

அப்பா அந்தச் சோதனை போனைப் பிடுங்கினார். முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. இரண்டாவது மூக்கில். லைன்மேன் செருப்பு அலமாரி மேல் சரிந்தார். அலமாரி அவர் மேல் சரிந்தது. "சார், பிள்ளகுட்டிக்காரன் சார்" என்றார். கத்தவில்லை, ஏதோ விவரம் சொல்வது போலச் சொன்னார். நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். மூன்றாவது என் முழங்கையில் விழுந்தது. அத்தோடு நின்றது.

லைன்மேன் தரையில் கிடந்த திருப்புளிகளைப் பொறுக்கினார். மூக்கிலிருந்து ரத்தம் அவர் பைக்குள் சொட்டியது. நானும் குனிந்து பொறுக்கினேன்.

"வெளிக் கம்பத்துல இருந்து இந்தப் பெட்டி வரைக்கும் சுத்தமா இருக்கும்மா" என்றார் மெதுவாக. "உள்ள இருக்குற கம்பியக் கழட்டிட்டுக் கேட்டேன். போர்வையெல்லாம் இல்ல. கோளாறு வீட்டுக்குள்ள."

என் படிவத்தை இவரிடம் கொடுத்தால் எங்கிருந்தாவது அனுப்புவாரா என்று நினைத்தேன். அப்பா இரண்டடி தள்ளி நின்றார். கடைசித் திருப்புளியை மட்டும் அவரிடம் நீட்டினேன். அப்பா அவரைப் பிடரியில் கைவைத்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்.

"காலேஜ்ல என்னத்தடி படிச்ச? மூணு நாளா ஒரு வயரப் பாக்கத் துப்பில்ல. நான் தூங்கி எந்திரிக்கிறப்ப இது ஓடணும். ஓடலன்னா இந்தப் பெட்டியத் தூக்கி உங்கம்மா தலையில போடுவேன். ரெண்டும் ஒரேயடியா ஒழியட்டும்."

கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தார்.

போர்வை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போர்வைக்குள்ளிருந்து பேசினால் தடித்த ஒலி வெளியே வரும், கீச்சென்ற ஒலி வராது. டயல் டோன் தடித்தது, அது வருகிறது. மோடத்தின் கத்தல் கீச்சென்றது, அதை ஏதோ ஒன்று தின்றுவிடுகிறது. இரண்டாம் வருட ஆய்வகத்தில் இதற்கு வரைபடம் போட்டிருக்கிறேன். இரண்டு கம்பிக்கும் குறுக்கே ஒரு கன்டென்சரை, அதாவது மின்தேக்கியை, வைத்தால் இப்படித்தான் ஆகும். அது தானாக அங்கே வந்து உட்காராது.

போன் கம்பி வீட்டுக்குள் மூன்று இடத்தில் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. கூடத்தில் இருந்ததைத் திறந்தேன். ஒன்றுமில்லை. நடையில் இருந்ததிலும் இல்லை. மூன்றாவது சமையலறையில், பாத்திர அலமாரிக்குப் பின்னால். நான் உள்ளே போனபோது அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அலமாரியை நகர்த்தினேன். மூடியைக் கழற்றினேன்.

விரல் நீளத்தில் ஒரு கன்டென்சர். பழைய போனுக்குள் மணியோடு சேர்ந்திருப்பது. அதன் இரண்டு கால்களும் இரண்டு திருகுகளில் சுற்றப்பட்டிருந்தன. நான்கு நான்கு சுற்று, நுனி உள்பக்கமாக மடித்து, கையில் குத்தாதபடி. அது பழகிய கை. அம்மா கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். கம்பியை வெட்டியிருந்தால் நான் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எப்பம்மா?"

"புதன்கிழம. நீ குளிக்கப் போனப்ப."

"இதுக்காக மூணு நாளா அடி வாங்கியிருக்க."

"வாங்குறது என்ன புதுசா." கிழிந்த உதட்டால் மெதுவாகப் பேசினாள். "நீ இருந்தா மூணோட போயிடும். நீ போயிட்டா?"

"நீயும் வாம்மா."

"ஒரு ஆளுக்குத்தான் ரூமுன்னு நீதானடி சொன்ன."

"போய் வேற இடம் பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

அவள் குழம்பைக் கிளறினாள். மணி நான்கு நாற்பது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். மணிக்கட்டை நினைத்தேன். விலா எலும்புகளை நினைத்தேன். பிறகு சுற்றைப் பிரித்தேன். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு அப்படியே நின்றாள்.

பதற்றத்தில் மோடத்தின் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். எண் போனது. எதிர்முனை எடுத்தது. மூன்று நாள் கத்தாத மோடம் தொண்டை கிழியக் கத்தியது. பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து வைத்திருந்த படிவம் பெரிய படமாக இருந்தது. அனுப்பு என்பதை அழுத்தினேன். நீலக் கோடு ஊர்ந்தது. பத்து சதவீதம். இருபது.

"ஓடுதா?" அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எந்திரி."

"ரெண்டு நிமிஷம்ப்பா."

"என்ன அனுப்புற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன்டி திரைய மறைக்கிற?"

குனிந்து திரையைப் படித்தார். படிவத்தின் பெயரில் வேலை என்ற சொல் இருந்தது. என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தார். நெற்றி மானிட்டரில் மோதியது. ஒன்று. மறுபடி மோதியது. இரண்டு. கண்ணில் ரத்தம் இறங்கியதால் நீலக் கோட்டை ஒரு கண்ணால் பார்த்தேன். அறுபத்தொன்று. மூன்றாவது முறை பல்லில் பட்டது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நான்கு. அவர் இன்னொரு கை மேசைக்குப் பின்னால் போய் மோடத்தின் வயரைத் தேடியது. எழுபது. இன்னும் ஒரு நிமிடம் போதும். வயர் அவர் விரலில் சிக்கியது.

"அவளை விடுங்க."

சமையலறை வாசலில் அம்மா நின்றாள். கைகளைத் தொங்கவிட்டிருந்தாள். முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத குரலில், தொலைவில் இருப்பவருக்குச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"மூணு நாளா அந்த லைனக் கெடுத்து வச்சது நான். தெரிஞ்சேதான் செஞ்சேன்."