சமையற்காரிக்கு எந்தத் தமிழ்?

விநாயகமூர்த்தி மாஸ்டர் ஒரு நாடகம் எழுதிவிட்டார் என்றால் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் தொட முடியாது. ஆக்லாந்தின் ஹென்டர்சனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவருகிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. லக்ஷிகாவுக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று சனிக்கிழமையாக அவள் அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

ஆண்டு விழாவுக்கு இந்த முறை மாஸ்டர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய அமெரிக்க நாவல். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிற புத்தகம். கதை தெரிந்திருந்தால் தமிழ் வசனமும் மனதில் நிற்கும் என்பது அவர் எண்ணம். தென்பகுதியில் ஒரு சின்ன ஊர். தாயில்லாத வெள்ளைக்காரச் சிறுமி. அவளைத் தூக்கி வளர்க்கிற கறுப்பினச் சமையற்காரி. சமையற்காரியின் தம்பி குதிரை திருடிவிட்டான் என்று ஊர் பழி போடுகிறது. திருடியவன் வேறொருவன் என்பதைச் சிறுமி கண்ணால் பார்த்திருக்கிறாள்; பயத்தில் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கோர்ட்டில் எழுந்து நின்று சொல்கிறாள். சொல்கிற அந்த நிமிடத்தில்தான் பிள்ளை பெரிய மனுசியாகிறாள் என்று மாஸ்டர் ஒவ்வொரு ஒத்திகையிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்குவார்.

உண்மையாகவே துடைப்பார். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, இங்கே வந்து பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் பஸ்ஸில் ஏறிய ஒருவன் 'உன் நாட்டுக்குப் போ' என்று கத்தி முகத்தில் துப்பியிருக்கிறான். பதினொரு வருடமாகியும் அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கும். ஒதுக்கப்படுகிறவனுடைய வலி நன்றாகத் தெரிந்த மனிதர். அந்த மனிதர்தான் இந்த வேலையைச் செய்திருந்தார்.

நாடகத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தார்கள். சமையற்காரியும் தம்பியும் மட்டும் மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் பேசினார்கள்.

"அமெரிக்காவிலயும் கறுப்பு ஆக்கள் வேற மாதிரித்தானே கதைப்பினம்? அதைத் தமிழில காட்ட எனக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்" என்றார் மாஸ்டர். லக்ஷிகாவின் வேலை மேடைக்குப் பக்கத்தில் பிரதியோடு நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது. பதினைந்து வயது மகள் அபிதாதான் அந்தச் சிறுமி. சமையற்காரி, குணவதி அக்கா. லக்ஷிகாவுக்கு ஒப்பரேசன் நடந்தபோது ஒரு வாரம் சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த தங்கமான மனுசி. அவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

தங்கமான மனுசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, "என்னாஆங்க தொரேஎ, சோறு ஆக்கிப்புட்டேஏங்க" என்று இழுத்தார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய் தகப்பன்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பியைக் கட்டி இழுத்துப்போகும்போது சமையற்காரி ஓவென்று அழுகிற காட்சியிலும் சிரித்தார்கள்.

"மாஸ்டர், இந்த இடத்தில சிரிப்பு வரக்கூடாதெல்லோ?" என்றாள் லக்ஷிகா.

"சனத்துக்குக் கொஞ்சம் பகிடியும் வேணும் தங்கச்சி. கடைசியில வடிவா அழ வைப்பம்."

"சமையற்காரியும் எங்களைப் போலவே கதைக்கட்டுமே."

"அப்ப அவவுக்கும் முதலாளிக்கும் என்ன வித்தியாசம்?"

அதைத்தானே புத்தகமும் கேட்கிறது என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பிரதியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏனென்றால் லக்ஷிகா பிறந்தது மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தகப்பன் செத்தபிறகு அக்கா அன்னம் பதினாறு வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து, கொழுந்து பறித்து, தங்கையைக் கொழும்புக்கு நர்சிங் படிக்க அனுப்பினாள். அங்கேதான் லக்ஷிகா யாழ்ப்பாணத்துப் பார்த்தீபனைச் சந்தித்தாள். கலியாணம் பேசப் போகிற வழியில் அவன் மெதுவாகச் சொன்னான்: "அம்மா கேட்டா, தோட்டம் எண்டு சொல்லாமல் நீர் வவுனியா எண்டு சொல்லும். வீண் பிரச்சினை வேண்டாம்." சொன்னாள். மாமியாருக்குச் சொன்ன பொய்யை அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஆக்லாந்துக்கும் சொல்ல வேண்டியிருந்தது. 'ஓம்', 'கதைக்கிறன்', 'எங்கட' எல்லாம் ஆங்கிலம் பழகியதைப் போலவே பழகினாள். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் வாய் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு. மதியம் ஒரு மணிக்கு, அங்கே காலை ஆறரைக்கு, சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு அக்காவோடு பேசுவாள். பின் சீட்டில் அபிதா காதில் எதையாவது மாட்டிக்கொண்டு இருப்பாள். அவளுக்கு எதுவும் கேட்காது என்று லக்ஷிகா நினைத்திருந்தாள்.

மூன்றாவது ஒத்திகையில் அபிதா வசனத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"குணவதி அன்ரி, அது அப்படி இல்ல" என்றவள், மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். அப்படி யாரும் இழுத்துப் பேசுவதில்லையாம். அவளுடைய அம்மா சரியாகப் பேசுவாராம், காரில். பிறகு தமிழுக்குத் திரும்பினாள். "அம்மா, நீங்க சொல்லிக் காட்டுங்க."

மண்டபம் முழுவதும் லக்ஷிகாவைத் திரும்பிப் பார்த்தது.

"ஆரோட அப்பிடிக் கதைக்கிறனீர்?" என்று குணவதி அக்கா கேட்டார். அதில் விஷம் ஒன்றுமில்லை, வெறும் ஆவல்தான்.

"அது... முந்தி எங்கட வீட்டில வேலைக்கு நிண்ட பிள்ளை. பாவம், இடைக்கிடை போன் எடுப்பா. அவவுக்கு விளங்க வேணுமெண்டு அப்பிடிக் கதைக்கிறனான்."

நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரண்டது! படிக்க வைத்த அக்காவை ஒரே மூச்சில் வேலைக்காரியாக்கிவிட்டது. எல்லோரும் நம்பித் தலையாட்டினார்கள். நம்பமாட்டோம் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று லக்ஷிகாவுக்குத் தோன்றியது. அபிதா தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் ஏறியதும் கேட்டாள். "பெரியம்மா வேலைக்காரியா?"

"உனக்கு விளங்காது. சும்மா இரு."

"எனக்கு என்ன விளங்காது?"

"சும்மா இரு எண்டு சொன்னனான்!" என்று லக்ஷிகா கத்தினாள். பச்சை விளக்கு எரிந்தும் வண்டியை எடுக்காமல் பின்னால் நிற்பவன் ஹாரன் அடிக்கும்வரை கத்தினாள். யாருக்கு விழவேண்டிய திட்டு யாருக்கு விழுகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அந்த ஞாயிறு அக்காவை அழைக்கவில்லை. எந்த முகத்தோடு அழைப்பது? அபிதா மட்டும் தாயின் போனைக் கேட்டு வாங்கி ஒரு நம்பரை எடுத்துக்கொண்டாள். அடுத்த இரண்டு வாரமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடோ பேசினாள்.

விழா அன்று முதல் காட்சி. வெள்ளைக்காரச் சிறுமி சமையற்காரியிடம் ஓடிவந்தாள். "ஏன் அழுவுற? யாரு என்னா சொன்னாங்க ஒன்னைய? எங்கிட்ட சொல்லு."

மாஸ்டர் எழுதிய வசனம் அதுவல்ல. பேச்சும் மாஸ்டருடையதல்ல. இழுவை இல்லை, கேலி இல்லை. அக்கா அன்னத்தின் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது.

சபையில் முதலில் சிரிப்பு எழுந்தது. சிறுமி விடாமல் பேசப்பேச, எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அது அடங்கியது. குணவதி அக்கா பாவம், இழுப்பதா விடுவதா என்று தடுமாறி, நாலாவது வசனத்தில் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மேடைப் பக்கத்தில் மாஸ்டர் கொதித்தார். "என்ன இது? முதலாளிட பிள்ளை தோட்டக்காட்டுத் தமிழ் கதைக்குது!"

"வளத்தவ அப்பிடித்தானே கதைக்கிறா, மாஸ்டர். பிள்ளை வேற எப்பிடிக் கதைக்கும்?" என்றாள் லக்ஷிகா.

"எங்க பழகினவ இதை?"

"எங்க அக்காகிட்ட." வந்துவிட்டது. "என் கூடப் பொறந்த அக்கா. நானும் அந்தத் தோட்டந்தாங்க."

மாஸ்டர் ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். "பகிடி விடுற நேரமே தங்கச்சி இது? வவுனியா ஆள் நீங்கள். நல்லாத்தான் நடிக்கிறியள்."

லக்ஷிகாவுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. பொய்யைச் சொன்னபோது மண்டபமே நம்பியது. உண்மைக்கு ஓர் ஆள்கூட இல்லை. பதினெட்டு வருடமாக அவ்வளவு திறமாகப் பொய் சொல்லியிருக்கிறாள். இதில் யாரை நோவது?

கோர்ட் காட்சி. நீதிபதிக்கு முன்னால் அபிதா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். போனில் பழகிய வசனம் மறந்துவிட்டது. கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்த்தாள்.

"எடுத்துக் குடுங்கோ!" மாஸ்டர் பிரதியில் விரலை வைத்துக் குத்தினார். "எழுதியிருக்கிறதை அப்பிடியே சொல்லுங்கோ!"

அவர் விரல் நின்ற இடத்தில் இருந்தது: 'அவர் எடுக்கேல்லை. நான் பாத்தனான். பயத்தில இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்திட்டன்.'

லக்ஷிகா பிரதியை மூடி மாஸ்டர் கையில் கொடுத்தாள். வசனம் எடுத்துக் கொடுப்பவர்கள் மெல்லிய குரலில் சொல்ல வேண்டும். அவள் கடைசி வரிசைக்கும் கேட்கச் சொன்னாள்.

"அவரு எடுக்கலைங்க. நான் பாத்தேன். பயந்துக்கிட்டு இம்புட்டு நாளா சொல்லாம இருந்துட்டேன்."

குணவதி அக்கா மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் பார்த்தீபன் தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்டர் சிரிக்கவில்லை. அபிதா தாயைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, நீதிபதி பக்கம் திரும்பி அதையே சொன்னாள்.