ஜெர்மன் அட்டையில் ஒருத்தி

வெர்லீன் டாப்ஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அதன் அட்டையில் வெர்லீன் இல்லை. பொன்னிற முடிக்காரன் ஒருவனும் அதே நிறத்து முடிக்காரி ஒருத்தியும் கைகோத்துக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸில் பிறந்து மெம்ஃபிஸிலேயே முப்பத்தாறு வயதைத் தொட்டவள் வெர்லீன். கடலைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. கறுப்பு முகம் போட்ட அட்டையை இந்தப் பக்கத்து வெள்ளைக்காரக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கமாட்டார்கள் என்று கம்பெனி முதலாளி ப்ரூயட் சமாதானம் சொன்னார். முதலில் குரல் வீட்டுக்குள் போகட்டும், அடுத்த தட்டில் முகம் வரட்டும் என்று வாக்குக் கொடுத்துக் கையும் குலுக்கினார்.

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினாள். நீலப் பட்டுக் கவுன் தைத்தாள், முடியை நேராக்கிக்கொண்டாள், பீல் தெரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது தட்டுக்கு எல்லாப் பாட்டும் பாடி முடித்தாயிற்று. அட்டைதான் பாக்கி.

அப்போது ஃப்ராங்க்ஃபர்ட்டில் அமெரிக்கப் பட்டாளத்தில் இருக்கும் தம்பி ஆர்விஸ் ஒரு பார்சல் அனுப்பினான். அதே முதல் தட்டு, ஜெர்மனியில் போட்டது. கடற்கரை இல்லை. அட்டை முழுக்கக் கறுப்பு முகம்தான், ஆனால் வெர்லீனுடையது அல்ல. இருபத்தைந்து வயதிருக்கும், ஒடிசலாக ஒருத்தி. தோளில் துணியில்லை, மேலெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது, கண் பாதி மூடியிருக்கிறது. அவளுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் ‘வெர்லீன் டாப்ஸ்’.

கூட வந்த கடிதத்தில் தம்பி எழுதியிருந்தான்: “இங்க பசங்க இத சுவத்துல ஒட்டி வெச்சு என்னென்னமோ பேசறானுங்க அக்கா. இது என் அக்கா இல்லடான்னு சொல்ல வாயெடுத்தேன். சொன்னா, பேரு மட்டும் என் அக்காவோடதுன்னும் சொல்லணுமே. அதனால சொல்லல.”

வெர்லீன் கடிதத்தை மடித்து வைத்தாள். முகம் தெரியாத பட்டாளத்துக்காரர்கள் தன் பெயரைச் சொல்லி எச்சில் வடிக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்கக் குளித்தாலும் போகாத அழுக்கு மேலே ஒட்டியதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், கூடப் பாடும் இமோஜீனிடம் சொன்னாள். இமோஜீன் விசிறிக்கொண்டிருந்த அட்டை விசிறியைத் திருப்பிக் காட்டினாள். சவ அடக்கக் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்தது, ஏசு படம் போட்டது.

“பாருடி. நீலக் கண்ணு, சோளக்கதிர் நாராட்டம் முடி. எவன் மூஞ்சியை எனக்கு ஒட்டினீங்கன்னு ஆண்டவரே கேக்கல. நீ என்ன பெரிய இவளா?”

வெர்லீன் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் ஜெர்மன் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

திங்களன்று ப்ரூயட் முன்னால் அட்டையைக் கொண்டுபோய் வைத்தாள். வெள்ளைக்காரர், அவளைவிட ஆறு வயது இளையவர். இருந்தாலும் அவர் ‘நீ’ என்பார், அவள் ‘நீங்க’ என்பாள். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

“அங்க இது பிச்சிக்கிட்டுப் போவுது, வெர்லீன். இங்கத்துக் கடைக்காரனுங்களும் இதுன்னா வைக்கறோம்னுட்டாங்க. இனிமே ஊருக்கொரு அட்டைங்கறதே வேண்டாம். எல்லா நாட்டுக்கும் ஒரே மூஞ்சி.”

மேஜைமேல் புது அட்டையின் மாதிரி கிடந்தது. அதே பெண். உடம்பில் நீலப் பட்டுக் கவுன், வெர்லீன் தைத்த அதே தினுசு. கவுன் யோசனை உன்னுடையதுதான் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

“என் படம் என்ன ஆச்சு?”

“நல்ல படம்தான். ஜெர்மனிக்கு அனுப்பினேன். சமையல்காரி மாதிரி இருக்குன்னு எழுதிட்டாங்க. மனசுல வெச்சுக்காத.”

மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அத்தோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை டெலிவிஷனில் தட்டு ஓட அந்தப் பெண் வாயசைக்கப்போகிறாளாம், எங்கெங்கே மூச்சு விடவேண்டும் என்று வெர்லீன் சொல்லித்தர வேண்டுமாம். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மூச்சில் வந்து நின்றது.

வியாழனன்று போனாள். எல்லாவற்றையும் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, அந்தச் சிறுக்கியை ஊர் பார்க்க மீன்போல வாய் பிளக்க வைப்பது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் போனாள்.

உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். பெயர் காமில், செயின்ட் லூயிஸ்காரி. “வாங்க மேடம்” என்றாள். அந்தக் கட்டடத்தில் வெர்லீனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“அது சோப்பு விளம்பரத்துக்கு எடுத்த படம் மேடம். எவன் யாருக்கு வித்தான்னே தெரியாது. எங்கப்பா சர்ச்சுல ஊழியம் பாக்கற டீக்கன். அட்டையப் பாத்துட்டு, உடம்பத்தான் காட்டின, பேரையும் வித்துட்டியான்னு கேட்டாரு. இங்க வரலேன்னா, அன்னிக்குப் போட்ட கையெழுத்தக் காட்டிக் கோர்ட்டுக்கு இழுப்பாங்களாம்.”

கோபத்தை யார்மேல் இறக்குவது என்று தெரியாமல் வெர்லீன் உட்கார்ந்தாள். தட்டை ஓடவிட்டாள். சொல்லிக்கொடுக்க நினைத்த தப்பு எதுவும் நாக்கில் வரவில்லை. இங்கே தோள் ஏறும், இங்கே மூக்கால் இழு என்று உள்ளதையே சொன்னாள். அவளும் கப்பென்று பிடித்துக்கொண்டாள். அரைமணி நேரத்தில் வெர்லீனின் குரல் அவள் வாயிலிருந்து வருவதுபோலவே இருந்தது. தன் பல் தேய்க்கும் பிரஷ்ஷை இன்னொருத்தி வாயில் பார்ப்பதுபோல் வெர்லீனுக்கு அருவருப்பாக இருந்தது. ப்ரூயட் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். அக்கா தங்கச்சி மாதிரி ஆகிவிட்டீர்களே என்று சுருட்டு நாற்றத்தோடு கண்ணடித்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தும்வரை காமில் காத்திருந்தாள்.

“நாளைக்கு நேரடி ஒளிபரப்பாமே மேடம். நடுவுல நிறுத்த முடியாதாமே.”

முடியாது என்றாள் வெர்லீன்.

“அப்போ, எந்த இடத்துல நான் வாயை மூடிக்கிட்டா இது என் குரல் இல்லைன்னு ஊருக்கே தெரியும்?”

வெர்லீன் அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். பாட்டின் மூன்றாவது அடியில், பத்து எண்ணும்வரை மூச்சே விடாமல் வெர்லீன் இழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊசியைத் தூக்கி அங்கே வைத்தாள்.

“இங்க,” என்றாள். “இங்க மூடு. நான் பாடி முடிக்கிற வரைக்கும் திறக்காத.”