மாசிலாமணி குழாய்க்குள் போன நாள்

வேலை நீட்டிப்பு வேண்டுமென்றால் மூலக்கூறு எடைச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். அதனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாசிலாமணியைத் தண்ணீரில் கரைத்து ஆய்வகத்துக் குழாய்க்குள் செலுத்தினார்கள். செலுத்தியது எழிலரசி. அங்கே வேலை பார்ப்பவள், அவருடைய மனைவி.

குழாய் ஒரு முழ நீளம்தான். உள்ளே முழுக்க நுண்துளைகள் உள்ள மணிகள். பெரிய ஆட்கள் துளைக்குள் நுழைய முடியாமல் நேராக வெளியே வந்துவிடுவார்கள். சின்ன ஆட்கள் ஒவ்வொரு துளையிலும் எட்டிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக வருவார்கள். வரும்போது பக்கத்துத் திரையில் ஓடும் கோட்டில் ஒரு மேடு எழும்பும். முன்னால் போன தாசில்தார் எட்டே நிமிடத்தில் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாசிலாமணி ஒல்லிப்பிச்சான். இருபது நிமிடம் ஆகும் என்று நினைத்திருந்தாள். ஒரு மணி நேரமாகியும் திரையில் கோடு படுத்தே கிடந்தது. எழிலரசிக்குப் பயம் வந்தது. யாருக்கோ வந்த பயம் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேலாளர் நீலமேகம் வந்தார்.

"தண்ணியில உப்பு போட்டீங்களாம்மா?"

"இல்ல சார்."

"பதினாலு வருஷ சர்வீஸு! உப்பு இல்லன்னா ஆளு உள்ளயே ஒட்டிக்குவாங்கன்னு தெரியாதா?"

"அவருக்கு பிரஷர் சார். டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டாரு."

நீலமேகம் யோசித்தார். பதில் நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் போடச் சொன்னார்.

ஆறு வருடமாக அவருக்கு உப்பில்லாமல் சமைத்த கை. அதே கையால் உப்பை நிறுத்துக் கலக்கினாள். "மன்னிச்சுக்குங்க" என்று குழாயிடம் சொன்னாள்.

மூன்றரை மணிக்கு மேடு எழும்பியது. பின்னாலேயே மாசிலாமணி சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"தொண்ணூத்தொரு சதவீதம் வந்திருக்கு," என்றார் நீலமேகம். "தொண்ணூறு தாண்டினா பாஸ்."

"மிச்சம் ஒன்பது சார்?"

"அது உள்ளயே தங்கிடும். எல்லாருக்கும் கொஞ்சம் தங்கும்மா."

முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

எழிலரசி கணவரின் விரல்களை எண்ணினாள். பத்தும் இருந்தன. காது மச்சம், மூக்குக்கண்ணாடி, இரண்டு செருப்பு எல்லாம் சரி. அப்பாடா என்றிருந்தது.

பேருந்தில் அவர் மரியாதையாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

எழிலரசி இரண்டு டிக்கெட்டுக்குச் சில்லறையை எண்ணி எடுத்தாள்.

"மூலக்கடை."

"அட, நானும் அங்கதான்," என்றார் மாசிலாமணி.