மேடேறும் புள்ளி

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கா. ஜன்னல் வெளிச்சம் அடிக்குது."

அக்கா போனைச் சாய்த்தாள். ஒரு கையில் போன், மறு கையில் தண்ணீர்க் கரண்டி. கரண்டியைப் படுக்கையில் கிடந்த தம்பியின் உதட்டருகே கொண்டுபோய் வெகுநேரமாகிவிட்டது. வாயைத் திறக்கிற வழியாகத் தெரியவில்லை. கண் முழுக்கத் திரையில் இருந்தது. அதில் வளைந்து வளைந்து மேலே போகும் ஒரு மலைச்சாலை, சாலையின் மேல் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் அவன் பொண்டாட்டி.

"மூணாவது வளைவும் ஏறிட்டா பாரு!"

"தண்ணியக் குடிச்சிட்டுப் பாருடா. அவ எங்க ஓடிடப் போறா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிப் போனது. இருமி முடித்ததும் மறுபடி திரையைத் தேடினான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் பொண்டாட்டி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அக்காவின் மனசுக்குள் அவளுக்குப் பெயர் கண்ணாடிக்கடைக்காரிதான். ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் சேர்ந்து ஓடுவார்கள். ஓடுவதற்கென்றே ஊர் ஊராகப் போவார்கள். போன இடத்தில் எல்லாம் வியர்வையோடு கன்னம் ஒட்டி நின்று எடுத்த படம் அக்காவின் போனுக்கு வந்து சேரும். அக்கா பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுக்க எரிந்து விழுவாள்.

இந்த மலை ஓட்டத்துக்கும் இரண்டு பேருமாகத்தான் பெயர் கொடுத்திருந்தார்கள், இருபத்தொரு கிலோமீட்டர். அதற்குள் அவன் ஈரலில் கட்டி வந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் சில வாரங்கள் தாங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். "நீ போய் எனக்கும் சேர்த்து ஓடிட்டு வா, நான் இங்கருந்தே பாக்கறேன்" என்று அடம்பிடித்துப் பொண்டாட்டியை அனுப்பியவன் அவன்தான். இரண்டு நாள் துணைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள்.

லீவு போட்டுவிட்டு வந்தபோது அக்கா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். உள்ளே சந்தோஷம் பிடிபடவில்லை. அம்மா போன பிறகு தலை சீவி, பல் தேய்த்துவிட்டு, மூக்குத் துடைத்து வளர்த்த பிள்ளை. இரண்டு நாளைக்காவது பழையபடி தனக்கு மட்டும் தம்பியாக இருப்பான் என்று நினைத்தாள். அவனோ விடிந்ததிலிருந்து புள்ளியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். ஐம்பது வயதில் ஒரு புள்ளியைப் பார்த்து வயிறெரிவாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"அவளுக்கு முட்டி வலி இருக்குக்கா. இந்த மேட்டுல பாத்து ஏறணும்."

எனக்குக்கூடத்தான் முட்டி வலி என்று அக்கா சொல்லவில்லை.

நாலாவது வளைவு தாண்டிய கொஞ்ச நேரத்தில் புள்ளி நின்றது.

சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். திரையைத் தேய்த்துப் பார்த்தாள். நின்றது நின்றபடியே இருந்தது. நிற்கட்டும், நல்லா நிற்கட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"ஏன்க்கா நிக்கிறா?"

"டவர் இருக்காதுடா."

"இல்ல, விழுந்துட்டாளோ என்னவோ." எழுந்துகொள்ளப் பார்த்தான். கையை ஊன்ற முடியாமல் தோள் நடுங்கியது. மூச்சு விட்டுவிட்டு வந்தது, உதடு வெளுத்துவிட்டது. "போன் பண்ணுக்கா, போன் பண்ணு."

பண்ணினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. போனைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"அட, நகருதுடா! இப்பத்தான் டவர் வந்துச்சு. நீ கண்ண மூடிக்கோ, நான் பாத்துச் சொல்றேன்."

பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பதுதான் அக்காவின் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று நாள் முழுக்கச் சொல்வாள். அந்த மலைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் போகிற வழியில் இருக்கும் நிறுத்தங்கள் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"பால் பண்ணை தாண்டிட்டா," என்றாள். மைக்குக் குரல் தானாகவே வந்தது. "அடுத்தது தண்ணித் தொட்டி. நல்ல மேடு. குனிஞ்சு குனிஞ்சு ஏறறா."

அவன் கண்ணை மூடினான். தோள் தளர்ந்து தலையணையில் இறங்கியது.

"தண்ணித் தொட்டி வந்தாச்சு. பழைய சோதனைச்சாவடி தெரியுது. ரெண்டு பேரு இவளுக்கு முன்னாடி போறாங்க. விடுவாளா? ஒருத்தரைத் தாண்டிட்டா."

அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது யாருக்கான சிரிப்பு என்று அக்காவுக்குத் தெரியாதா? இருந்தாலும் நிறுத்த மனம் வரவில்லை. நிறுத்தங்களை மட்டும் எத்தனை நேரம் அடுக்குவது? ஓட்டத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கையில் ஓடின ஓட்டம் ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு ஆறு வயதிருக்கும். காய்ச்சலில் கண் செருகிவிட்டது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓடினாள்.

"இடுப்பு விட்டுப்போகுது அவளுக்கு. ஆனா நிக்கல. நின்னா அவ்வளவுதான்னு தெரியும். தொண்டை காஞ்சுபோச்சு. சந்தைத் திருப்பம் வந்தாச்சு. ஒரு செருப்பு அறுந்துபோச்சு, அதையும் உதறிட்டு வெறுங்காலோட ஓடறா..."

"செருப்பா?" என்றான் தம்பி. கண்ணைத் திறக்கவில்லை.

 மராத்தானில் செருப்புப் போட்டுக்கொண்டு யார் ஓடுகிறார்கள்?

அவன் கை போர்வைக்கு மேல் நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டின் மேல் கிடந்தது. எடையே இல்லை.

"போதும்க்கா. உனக்கு மூச்சு வாங்குது பாரு. என்னைய இறக்கிவிட்டுட்டுத் தண்ணி குடி."

உண்மையாகவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கென்று வைத்திருந்த தம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"குடிச்சிட்டேன்டா," என்றாள்.

பதில் வரவில்லை. தூங்குகிறான் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மாடி வீட்டம்மா போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கண்ணாடிக்கடைக்காரிக்குச் சொல்லலாம் என்று அக்கா போனை எடுத்தபோது புள்ளி வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அக்கா வாயைத் திறப்பதற்குள், "வந்துட்டே இருக்கேன் அண்ணி" என்றாள். அதற்குப் பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னபோது அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானம் அவள் வந்து சேர்ந்தாள். ஓட்டத்துக்குப் போட்ட அதே பனியன். முதுகில் வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது. அழுது முடிக்கும்வரை அக்கா தலைமாட்டு நாற்காலியிலேயே இருந்தாள். மாடி வீட்டம்மா காபி போட உள்ளே போனாள்.

"நான் ஓடி முடிக்கல அண்ணி," என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "பாதி மேட்டுல உக்காந்துட்டேன். அவர் இங்க படுத்துக் கெடக்கும்போது நான் யாருக்காக இப்படி ஏறிட்டிருக்கேன்னு தோணிடுச்சு. நீங்க கூப்பிட்டதுகூடத் தெரியல. பனியன்ல குத்தியிருந்த நம்பரப் பிச்சுப் போட்டுட்டு எதுத்தாப்புல வந்த வேன்ல ஏறிட்டேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் நின்னத அவர் பாத்தாரா?"

பார்த்தான், பார்த்துத்தான் பதறிப்போனான் என்பது அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. பொய்யுமில்லை. இத்தனை வருஷத்து எரிச்சலுக்கும் அந்த ஒரு வாக்கியம் போதும். ஜென்மத்துக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

"இல்ல," என்றாள் அக்கா. "கடைசிவரைக்கும் நீ ஏறிட்டுத்தான் இருந்தே. நீ உச்சிக்குப் போயிட்டேன்னு சொன்னேன். சிரிச்சான்."

கண்ணாடிக்கடைக்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "ஏதாவது சொன்னாரா அண்ணி?" என்று கேட்டாள்.

"எப்போ?"

"கடைசியா."

"ஒண்ணும் சொல்லல," என்றாள் அக்கா. "அப்படியே தூங்கிட்டான்."

கண்ணாடிக்கடைக்காரி தலையை ஆட்டினாள். நகர்ந்துபோய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, அவன் கெண்டைக்காலை இரண்டு கையாலும் மெல்லப் பிடித்துவிடத் தொடங்கினாள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது. முதலில் இடது கால், அப்புறம் வலது கால்.

அக்கா தலைமாட்டை விட்டு நகரவில்லை.